வெண்ணகரின் தெற்கு வாசல்

கடலோரத்தில் வெண்ணகர் என்று ஒரு நகரம் இருந்தது. வீடு, கடை, கோபுரம், குளத்துப் படி என்று அங்கே எல்லாமே வெள்ளை. வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு வேண்டும். சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல் சுட வேண்டும். அதற்காக நகரின் நடுவிலேயே காளவாய்கள் இரவு பகலாக எரிந்தன. காளவாய்ப் புகை படிந்து சுவர்கள் கறுத்தன. கறுத்த சுவர்களுக்கு மேலும் சுண்ணாம்பு தேவைப்பட்டது. ஆகவே ஆண்டுதோறும் புதிய காளவாய்கள் திறக்கப்பட்டன. ஒவ்வொரு திறப்பு விழாவிலும் நகரத்தலைவர் மார்த்தாண்ட பூபதியார் நகரின் வளர்ச்சியைப் பற்றி நெடுநேரம் பேசினார்.

ஒருமுறை நகர வைத்தியர் சபையில் எழுந்து, இந்த நகரில் வசிப்பதால் மக்களின் உடல்நலம் கெடுகிறதா என்று ஆராய வேண்டும் என்றார். சபை அந்தக் கேள்வியை மிகுந்த அக்கறையோடு எடுத்துக்கொண்டது. மதிய விருந்து முடிந்ததும் வாக்கெடுப்பு நடந்தது. கெடவில்லை என்பதற்கே பெரும்பான்மை கிடைத்தது. அன்றிலிருந்து அது சட்டமாயிற்று. வெண்ணகரில் வசிப்பவருக்கு நோய் வராது. நோய் வந்தவர் வெண்ணகரில் வசிப்பவர் அல்லர். அப்படிப்பட்டவர் எங்கிருந்தோ வந்து ஒளிந்திருப்பவராகவே கருதப்பட்டு, தெற்கு வாசல் வழியாகச் சொந்த ஊருக்கு அனுப்பப்படுவார்.

வெண்ணகரிலேயே பிறந்து வளர்ந்தவருக்குச் சொந்த ஊர் எது என்று கேட்க யாருக்கும் துணிவில்லை. கேள்வி எழுப்பிய வைத்தியருக்கே மறுமாதம் இருமல் கண்டது. அவரையும் வண்டியில் ஏற்றினார்கள். தெற்கு வாசல் வழியாகப் போன ஒருவரும் திரும்பி வந்ததில்லை. வெளியே பொட்டல்காடு என்றும், அங்கே நரிகள் நன்றாகக் கொழுத்திருக்கின்றன என்றும் ஊரில் பேச்சு.

மருதையன் அந்த நகரத்தின் செவிக்காவலர்களில் ஒருவன். நீலத் தலைப்பாகை கட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடப்பதும், வீடுகளுக்குள்ளிருந்து இருமல் கேட்கிறதா என்று காது கொடுப்பதும் அவன் வேலை. கேட்டால் அந்த வீட்டுக் கதவில் ஒரு கறுப்புத் துணியைக் கட்டிவிட்டுப் போவான். மறுநாள் காலை வண்டி வரும். தன் பக்கத்து வீட்டுத் தையற்காரர் உலகநாதன் கதவிலும் அவன் கட்டியிருக்கிறான். அன்று முடிச்சு இரண்டுமுறை நழுவியது உண்மை. ஆனால் தான் கட்டாவிட்டால் இன்னொருவன் கட்டுவான், அதோடு தன் கதவிலும் சேர்த்துக் கட்டுவான் என்று சொல்லிக்கொண்டான். அப்படிச் சொல்லிக்கொண்டே நல்ல பெயரும் எடுத்துவிட்டான்.

ஒருநாள் சாயங்காலம் சற்று முன்னதாகவே வீடு திரும்பிக்கொண்டிருந்தான். தெருமுனையிலேயே அவன் காதில் அது விழுந்தது. சின்னதாக, வறண்டு, மூச்சைப் பிடித்துப் பிடித்து வரும் ஓர் இருமல். பழக்கத்தில் கை இடுப்பிலிருந்த கறுப்புத் துணிக்குப் போய்விட்டது. இன்னும் நாலு எட்டு வைத்த பிறகுதான் அது தன் வீட்டிலிருந்து வருகிறது என்று புரிந்தது.

உள்ளே அவன் மனைவி செங்கமலம், மகள் வள்ளிக்கண்ணுவை மடியில் போட்டுக்கொண்டு முந்தானையால் அவள் வாயைப் பொத்தியிருந்தாள். அவனைக் கண்டதும் குழந்தை மூச்சை அடக்கிக்கொண்டாள். முகம் சிவந்து, கண்ணில் நீர் கோத்து நின்றதே தவிர ஒரு சத்தம் வெளியே வரவில்லை.

"எத்தனை நாளா இது?" என்றான் மருதையன்.

"மழைக்கு முன்னால இருந்தே இருக்குங்க."

"என் காதுல விழலையே!"

"உங்க செருப்புச் சத்தம் கேட்டா அடக்கிக்குவா. நான் சொல்லிக் குடுக்கலைங்க. அவளாவே பழகிக்கிட்டா."

மருதையன் கதவைச் சாத்திவிட்டு அதன்மேலேயே சாய்ந்து நின்றான். தெருவில் யாரோ நடந்து போனார்கள். அந்தக் காலடி தேய்ந்து மறையும்வரை மூன்று பேரும் மூச்சு விடவில்லை.

மறுநாள் காலை செங்கமலம் அடுப்பில் வாணலியை வைத்து ஒரு கை நிறைய வற்றல் மிளகாயை அள்ளிப் போட்டாள். நெடி கூரையைத் தொட்டது. மருதையனுக்குத் தும்மலும் இருமலும் சேர்ந்து வந்தன.

"என்னடி பண்ற, பைத்தியமா உனக்கு?"

"மிளகாய் வறுத்தா யாருக்கும் இருமல் வரும். அதுக்கு எந்தச் சட்டத்துல துணி கட்டுவாங்க?" என்றாள். வள்ளிக்கண்ணு அடுப்படியில் உட்கார்ந்து, பல நாளாக அடக்கி வைத்ததையெல்லாம் இருமித் தீர்த்தாள். இருமி முடித்ததும் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "என்ன செங்கமலம், மிளகாயா? நானும் வறுக்கணும்னுதான் இருந்தேன்."

அதற்கப்புறம் அடுத்த வீடு. பிறகு அதற்கடுத்தது. அந்த வாரம் முடிவதற்குள் வெண்ணகரின் எல்லாத் தெருக்களிலும் மிளகாய் நெடி கமறிக்கொண்டிருந்தது. மருதையன் கண்ணீரைத் துடைத்தபடி ரோந்து போனான். முதலில் அவனுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இந்த நெடியில் யார் இருமலையும் பிரித்துச் சொல்ல முடியாது. தெருக்கள் கழியக் கழிய அந்த நிம்மதி போய்விட்டது. நெடி இல்லாத வீடு என்று ஒன்றுகூட அவன் கண்ணில் படவில்லை.

செவித்துறை அதிபர் பரமானந்தர் காவலர்களைக் கூட்டி விளக்கம் கேட்டார்.

"மக்கள் காரசாரமாக உண்கிறார்கள்," என்று அவரே முடிவு சொன்னார். "காரம் பசியின் அடையாளம். பசி ஆரோக்கியத்தின் அடையாளம். இதைத் தலைவரின் கவனத்துக்குக் கொண்டு செல்கிறேன்."

தலைவர் மகிழ்ந்தார். நகரின் பசியைப் பாராட்டி ஒரு வளைவு கட்டப்பட்டது. அதற்குச் சுண்ணாம்பு வேண்டியிருந்ததால் இன்னொரு காளவாய் திறந்தார்கள். ஆனால் வளைவைத் திறந்துவைக்க வந்த இடத்தில் நெடி தாங்காமல் தலைவருக்கே பேச்சு அறுந்துபோயிற்று. அடுத்த நாளே மிளகாய் தடை செய்யப்பட்டது. வீடுவீடாகப் போய் மிளகாயைப் பறித்து வரும் வேலை செவிக்காவலர்களுக்குத்தான் வந்தது. மூட்டைகளைச் சுமந்து போகும் மருதையனைப் பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். ஒருவரும் ஏசவில்லை. ஏசுவதற்குக்கூட மூச்சை இழுக்க வேண்டும், இழுத்தால் இருமல் வந்துவிடும்.

பிறகு வந்தது தேர்தல்.

வெண்ணகரில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் உண்டு. போட்டியிடுபவர் ஒருவரே என்றாலும் வாக்களிப்பு முறை அவ்வப்போது மேம்படுத்தப்படும். இந்தமுறை வாய்மொழி வாக்கு என்று அறிவிப்பு வந்தது. ஆண், பெண், குழந்தை அனைவரும் சதுக்கத்தில் தெருவாரியாக நின்று, தலைவரின் முழுப்பெயரை ஒரே மூச்சில் உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லி முடிக்காதவர் நகரத்தவர் அல்லர். தலைவரின் பெயரோடு ஆண்டுக்கொரு பட்டம் சேர்ந்திருந்ததால் அது இப்போது நல்ல நீளம்.

செங்கமலம் மகளுக்கு அதிமதுரத்தை வாயில் அடக்கக் கொடுத்துப் பழக்கினாள்.

"வெண்புகழ் வேந்தர், சுண்ணச் சக்கரவர்த்தி, ஆரோக்கிய நாயகர், அமுதக்காற்று அளித்த அண்ணல்..." அந்த இடத்தில் வள்ளிக்கண்ணுவுக்கு மூச்சு தீர்ந்துவிடும். இன்னும் பாதிப் பெயர் மிச்சமிருக்கும்.

"வெறுமனே வாயை மட்டும் அசைடா கண்ணு. அம்மா உனக்கும் சேத்து சொல்லிடறேன்."

"அப்பா அங்க நிப்பாராம்மா?"

"நிப்பாரு."

"அப்ப வேணாம்மா. நான் வரல," என்றாள் குழந்தை. கதவுக்கு வெளியே நின்றிருந்த மருதையன் அதைக் கேட்டான். உள்ளே போகாமல், வந்த வழியே திரும்பி நடந்தான்.

தேர்தல் நாளன்று காலை வெயில் புகைக்குள் மஞ்சளாகக் கிடந்தது. ஒவ்வொரு தெருவாக முன்னே வந்து முழங்கியது. முழக்கம் அறுந்த இடத்தில் காவலர்கள் நுழைந்து ஆளைப் பிடித்து இழுத்து வந்தார்கள். சதுக்கத்தின் தெற்கு ஓரத்தில் வண்டிகள் வரிசையாகக் காத்திருந்தன. மருதையன் தெருவின் முறை வந்தபோது, வரிசைக்கு எதிரே காது கொடுக்க நிற்கவேண்டியவன் அவனேதான். மேடையிலிருந்து பரமானந்தர் பார்த்துக்கொண்டிருந்தார்.

முழக்கம் தொடங்கியது. செங்கமலம் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள். வள்ளிக்கண்ணு அம்மாவின் கையைப் பற்றிக்கொண்டு வாயசைத்தாள். அமுதக்காற்று என்ற இடம் வந்தது. குழந்தையின் தோள் ஒருமுறை தூக்கிப்போட்டது. அவள் உதட்டைக் கடித்தாள். அப்படியும் இருமல் வெளியே வந்தே விட்டது.

முழக்கம் நின்றது. "யாரது?" என்றார் பரமானந்தர் மேடையிலிருந்து.

செங்கமலம் கணவனைப் பார்த்தாள். தன்னைக் கண்டு அவள் பயப்படுவதை அவன் அன்றுதான் முதன்முதலாக நேருக்கு நேர் பார்த்தான்.

"நான்தாங்க," என்றான் மருதையன். நம்பவைப்பதற்காக இருமியும் காட்டினான். பொய்யாகத் தொடங்கிய அந்த இருமல் நிற்கவில்லை. நெஞ்சின் அடியிலிருந்து, அவனுக்கே தெரியாமல் எவ்வளவு காலமாகவோ அங்கே கிடந்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பி வந்தது. மண்டியிட்டு விழுந்தான். அவனோடு வேலை பார்த்தவனே வந்து, அவன் இடுப்பிலிருந்த கறுப்புத் துணியை உருவி அவன் கையிலேயே கட்டினான்.

வண்டியில் ஏற்றும்போது செங்கமலம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடிவந்தாள். அழவில்லை. அழுதால் அவளையும் சந்தேகிப்பார்கள்.

"அவளை இருமவிடாதே, கமலம்," என்றான் மருதையன். "என்ன ஆனாலும் சரி, இருமவிடாதே."

தெற்கு வாசல் திறந்து, வண்டி வெளியே போயிற்று. மருதையன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். நரிகளை நினைத்தான். வண்டி நின்றபோது முதலில் அவனுக்குத் தெரிந்தது காற்று. கடலிலிருந்து நேராக வந்து முகத்தில் அடித்த காற்று. கண்ணைத் திறந்தால் சவுக்குத் தோப்பும், அதனடியில் வரிசையாக ஓலைக்குடிசைகளும் தெரிந்தன. பிள்ளைகள் ஒருவரையொருவர் துரத்தி ஓடிக் கத்திக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் அவ்வளவு சத்தம் போடுவதைக் கேட்டே அவனுக்குப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஒரு குடிசை நிழலில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தினார். அது உலகநாதன். கன்னம் சதைபிடித்திருந்தது.

"உலகண்ணே..." என்றான் மருதையன்.

உலகநாதன் எழுந்து வந்து அவனை மேலும் கீழும் பார்த்தார். "என் கதவுல துணி கட்டின கைதானே இது? இப்ப இதுலயே கட்டியிருக்கானுங்களா?" என்று கேட்டு அந்த முடிச்சை அவிழ்த்து எறிந்தார். உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "குடி. ஒரு மாசம் இருமுவே. அப்புறம் விட்டுடும். எங்க எல்லாருக்கும் விட்டுடுச்சு."

மருதையன் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். "எல்லாருக்குமா அண்ணே?"

"ரொம்ப முத்திப்போய் வந்தவங்க சில பேர் போயிட்டாங்க. வைத்தியரும் போயிட்டாரு. மத்த எல்லாருக்கும் விட்டுடுச்சு. புள்ளைங்களுக்குச் சீக்கிரமா விட்டுடும்."

செம்பு கை நழுவி விழுந்தது. இருமவிடாதே என்று தானே சொல்லிவிட்டு வந்த சொல் அவன் காதுக்குள் இரைந்தது.

மறுநாள் வண்டி வந்தபோது அவன் வண்டிக்காரரின் காலில் விழுந்தான். "ஐயா, நெல்லுக்காரத் தெருவுல செங்கமலம்னு கேளுங்க. புள்ளையைத் தூக்கிக்கிட்டு வாசல்ல நின்னு சத்தமா இருமச் சொல்லுங்க. இங்க நல்லாயிருக்குன்னு சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

வண்டிக்காரர் வெற்றிலையைத் துப்பினார். "வெளிய வந்தவன் எல்லாம் இதைத்தான்பா சொல்றான். நானும் போய்ச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். ஒருத்தர் நம்பணுமே? ஆளைக் கொன்னுட்டு, அவன் பேரைச் சொல்லி மத்தவங்களையும் இழுக்கப் பாக்கறானுங்கன்னு கதவைச் சாத்திக்கிறாங்க."

"எங்க வீட்ல நம்புவாங்கய்யா."

இரண்டு நாள் கழித்து பதில் வந்தது. சொல்வதற்கே வண்டிக்காரர் தயங்கினார்.

"உன் சம்சாரம் கதவைத் திறக்கல. இடுக்கு வழியாத்தான் பேசுச்சு. என் புருஷன் கடைசியாச் சொன்ன வார்த்தை எனக்குத் தெரியும், இது அவர் வார்த்தை இல்லேன்னுச்சு. செவிக்காவலன் பேரைச் சொல்லிக்கிட்டு இருமச் சொல்றியா, போன்னுடுச்சு." வண்டியில் ஏறப்போனவர் திரும்பி, "உள்ளாற அந்தப் புள்ள மூச்சு எளைக்கிறது எனக்கே கேட்டுச்சுப்பா" என்றார்.

அன்று மாலை மருதையன் மதிலோரமாக மேற்கே நடந்தான், உள்ளே போக ஏதாவது ஒரு வழி இருக்காதா என்று. மதில் திரும்பும் இடத்தில், புகை எட்டிப் பார்க்காத மேட்டில், ஒரு பெரிய தோட்டம் தெரிந்தது. மாமரங்களும் நீரோடைகளும், ஒன்றைவிட ஒன்று பெரிதான மாளிகைகளும் இருந்தன. எந்தச் சுவருக்கும் வெள்ளை அடித்திருக்கவில்லை. திரைபோட்ட பல்லக்குகள் ஒரு சிறு வாசல் வழியாக நகரத்திலிருந்து வந்துகொண்டிருந்தன. ஒன்றிலிருந்து பரமானந்தர் இறங்கினார்.

"ஐயா!" என்று ஓடினான் மருதையன்.

அவர் திடுக்கிட்டார். பிறகு சமாளித்துக்கொண்டார். "மருதையனா? உடம்பு தேறியிருக்கிறதே!"

"நீங்க இங்கயா இருக்கீங்க? வெளியிலயா?"

"நான் நோயாளியப்பா," என்றார் பரமானந்தர் அமைதியாக. "தலைவர், சபையினர், எங்கள் குடும்பத்தார், எல்லோருக்கும் நாட்பட்ட நோய் என்று புதிய வைத்தியர் தீர்மானித்திருக்கிறார். சட்டப்படி நாங்கள் நகரத்தில் வசிக்கக் கூடாது. சட்டம் எல்லோருக்கும் பொதுதானே?" என்று கைக்குட்டையை வாயில் வைத்து மென்மையாக ஒருமுறை இருமிக் காட்டினார்.

"என் பொண்ணுக்கு நிசமாவே இருமல்ங்க. அவளையும் அவ ஆத்தாளையும் வெளிய விட்டுடுங்கய்யா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"அதில்தான் ஒரு சிக்கல். உங்கள் குடிசைகள் பெருகிக்கொண்டே போகின்றன. இன்னும் கொஞ்ச காலத்தில் இந்தத் தோட்டத்து வேலியைத் தொட்டுவிடும். ஆகவே வெண்ணகரில் நோய் முற்றிலும் ஒழிந்துவிட்டதாக இன்று காலை சபை அறிவித்துவிட்டது. ஒழிந்தபின் தெற்கு வாசல் எதற்கு? நாளை அடைக்கிறார்கள். நோயில்லாதவர்களை வெளியேற்றுவது குற்றமாகிவிடும், மருதையா. உன் மகள் இப்போது பூரண ஆரோக்கியமாக இருக்கிறாள்."

மறுநாள் கொத்தர்கள் வந்து தெற்கு வாசலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். பூசினார்கள். வெள்ளையடித்தார்கள். உச்சிவெயிலுக்குள் அங்கே ஒரு வாசல் இருந்த தடமே இல்லாமல் போயிற்று.

கொத்தர்கள் போனதும் உலகநாதன் எங்கிருந்தோ இரண்டு கடப்பாரைகளோடு வந்தார். ஒன்றை மருதையனிடம் கொடுத்தார். "பாத்துக்கிட்டு நின்னா ஆச்சா? என் தம்பி குடும்பமும் உள்ளதான் இருக்கு."

பூச்சு இன்னும் ஈரமாக இருந்தது. குடிசைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். வெயில் சாய்வதற்குள் ஒரு செங்கல் பெயர்ந்து உள்பக்கம் விழுந்தது. துளை வழியாகப் புகை பீறிட்டு அவர்கள் முகத்தில் அடித்தது. உள்ளே ஒருவன் அலறும் குரல் கேட்டது.

"நோய்க்காரங்க சுவரை உடைக்கிறாங்க! உள்ள வர்றாங்க! ஓடியாங்க, ஓடியாங்க!"

வாசலையொட்டிய நெல்லுக்காரத் தெருவே திரண்டு ஓடிவரும் காலடிகள் கேட்டன. யாரும் ஆணையிடவில்லை, எந்த அதிகாரியும் அங்கே இல்லை. மக்களே மண்ணைக் குழைத்து, கல்லைச் சுமந்து, அவரவர் கையால் துளையை அடைக்க வந்தார்கள். மருதையன் துளையில் முகத்தை வைத்தான். ஒரு கை மண்ணோடு அவன் முகத்துக்கு நேராக வந்தது. அந்தக் கையை அவனுக்குத் தெரியும்.

"கமலம்! நான்தான் கமலம்!"

கை நின்றது. மண் ஒழுகி விழுந்தது. அவள் குனிந்து பார்த்தாள். இடுப்பில் குழந்தை துவண்டு கிடந்தாள்.

"உசிரோடவா இருக்கீங்க?" செங்கமலம் துளையை இன்னும் நெருங்கினாள். "வண்டிக்காரர் சொன்னது நெசமா? அங்க... அங்க இருமலாமா?"

மருதையன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். துளையிலிருந்து வந்த புகையும் சுண்ணாம்புத் தூளும் நெஞ்சுக்குள் இறங்கின. இன்னும் முழுதாக ஆறாத நெஞ்சு. இருமல் அவனைப் பிடித்துக்கொண்டது. ஒரு சொல், ஒரே ஒரு சொல் சொல்ல முயன்றான். இருமல்தான் வந்தது.

"கேட்டீங்களா, கேட்டீங்களா! நோய்!" என்று உள்ளே கூட்டம் கதறியது. "புள்ளையோட நிக்கிறியே, தள்ளிப் போ செங்கமலம்! அடைங்க, சீக்கிரம் அடைங்க!" அவளை யாரோ பின்னால் இழுத்தார்கள். ஒரே நேரத்தில் பத்துக் கைகள் மண்ணை அப்பின. புகை நின்றது. இருமல் ஓய்ந்து அவன் நிமிர்ந்தபோது எதிரே சுவர் மட்டும் இருந்தது. அதற்கு அப்பால், நன்றாகக் காது கொடுத்தால் மட்டும் கேட்கும்படி, அவள் அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள். அதுவரை பெயரைச் சொல்லி அவனை அவள் கூப்பிட்டதே இல்லை.

மறுநாள் சபை கூடி, மதிலில் துளை எதுவும் விழவில்லை என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. தங்கள் நகரைத் தாங்களே காத்துக்கொண்ட மக்களின் வீரத்தைப் பாராட்டித் தலைவர் கண்கலங்கினார். அந்த மதிலை எப்போதும் வெள்ளையாக வைத்திருப்பதற்கென்றே நெல்லுக்காரத் தெருவில் ஒரு புதிய காளவாய் திறக்கப்பட்டது. அது முதல் புகையைக் கக்கிய நேரத்தில், மதிலின் வேறொரு பக்கத்தில், வாயில் ஈரத்துணி கட்டிக்கொண்டு மருதையன் கடப்பாரையை ஓங்கினான். பக்கத்தில் உலகநாதன் செங்கல் பெயர்ந்து விழும் சத்தத்துக்காகக் காத்திருந்தார். உள்ளேயிருந்து ஓடிவரப் போகும் காலடிகளுக்கும் இரண்டு பேரும் சேர்த்தே காது கொடுத்தார்கள்.